‘பார்த்துக் கொடுக்கிறேன்’ வேண்டாம். அளந்து விலை சொல்வோம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக்கு விலை வைப்பவர் களிமண்ணின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அச்சு, எரிபொருள், மின்சாரம், ஆள் கூலி எல்லாவற்றையும் கூட்டுகிறார். சூளையில் வைத்ததில் சில விரிசல் விடும், சில கோணிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சேதத்தையும் நல்ல பொம்மைகளின் மேல் ஏற்றிய பிறகுதான் விலை சொல்கிறார். வாங்க வருபவர் பேரம் பேசலாம். ஆனால், “பொம்மையைக் கொடு, அப்புறம் பார்த்துக் கொடுக்கிறேன்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போக முடியாது.

அதே ஊரில், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிற நம் ஆட்களிடம் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. “வேலையை ஆரம்பிப்பா, முடியட்டும், பார்த்துக் கொடுக்கிறேன்.” வேலை முடிந்த பிறகு கொடுப்பதுதான் கூலி. குறைவாக இருக்கிறதே என்று கேட்டால், “போன தடவை இதுக்குத்தானே செஞ்சீங்க” என்பார்கள். சுவரில் அடித்த பெயின்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வர முடியாது. அதனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் பெயின்டர் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் உண்டு. கையில் தொழில் இருக்கிறது. பட்டி பார்த்தால் கண்ணாடி போல் இருக்கும். ஆனால் அந்த வேலைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து, எழுதி, நிமிர்ந்து சொல்லும் பழக்கம் நம்மிடம் குறைவு. இது வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல. நீண்ட காலமாக நம் உழைப்புக்கு விலை சொல்லும் உரிமை நம்மிடம் இல்லை. அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று, வீட்டின் உட்சுவரை அளக்கும் டேப்.

பேசாத கூலியின் வரலாறு

மகாராஷ்டிரத்தில் மகர்கள் பரம்பரையாக ஊர் வேலை பார்த்தார்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். அதற்கு ஈடாகக் கொஞ்சம் மானிய நிலமும், அறுவடையின்போது ஊரார் கொடுக்கும் தானியமும் கிடைத்தன. கொடுக்காவிட்டால் கேட்க நாதி இல்லை. இந்த வதன் முறையை மாற்ற வேண்டும், வேலைக்குத் திட்டமான சம்பளம் வேண்டும் என்று 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் டாக்டர் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். கோயில் நுழைவு, குளத்து நீர் என்று போராடிய அதே ஆண்டுகளில் அவர் கூலியின் அளவைப் பற்றியும் பேசினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கொடுப்பவரின் மனசைப் பொறுத்த கூலி, வாங்குபவரைத் தலை குனிய வைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் கூலி கேட்பது லேசான காரியமாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விவசாயக் கூலிகள் சங்கமாகச் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவில்தான் அது நடந்தது.

இதை நம் ஊர் எழுத்திலும் பார்க்கலாம். விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம் 1994இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் ஆரோக்கியம், தலித் தெருவுக்குத் துணி வெளுப்பவள். அவள் செய்யும் வேலைகளுக்குப் பேசிய கூலி கிடையாது. வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், களத்தில் கிடைக்கும் தானியமும்தான். அங்கே ‘பார்த்துக் கொடுப்பவர்கள்’ நம் ஆட்களே. ஆகவே இந்தக் கட்டுரை வெளியே இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல எழுதப்பட்டது அல்ல. நமக்குள்ளும் சரி செய்ய வேண்டியது இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

டேப் யார் கையில்?

ஒரு வீட்டுப் பெயின்ட் வேலையில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். பிரஷ்ஷும் ரோலரும் பிடிப்பவர்கள் ஒரு வகை. டேப் பிடித்து அளந்து, வீட்டுக்காரரிடம் விலை பேசுபவர் இன்னொரு வகை. இரண்டாமவரை மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்கிறோம். அவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கிறார். வேலை செய்பவர்களுக்கு நாள் கூலி கொடுக்கிறார். இடையில் இருக்கும் பணம் அவருடையது. அதில் தவறு இல்லை. அளந்ததும், பொறுப்பு ஏற்றதும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வதும் அவர்தான்.

கேள்வி வேறு. 15 ஆண்டுகள் பிரஷ் பிடித்த நம் ஆள் ஏன் டேப் பிடிக்கவில்லை? வீட்டுக்காரர்களோடு பழக்கம் இல்லாதது ஒரு காரணம். கடையில் கடன் சொல்ல ஆள் இல்லாதது இன்னொன்று. மூன்றாவது காரணம் நம் கையிலேயே இருக்கிறது: கணக்கு. அந்தக் கணக்கு பெரிய படிப்பு அல்ல. பள்ளிக்கூடத்தில் 9ஆம் வகுப்பு அளவியல் பாடத்தில் கனச்செவ்வகத்தின் பக்கப்பரப்பு என்று ஒன்று வருகிறது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, உயரத்தால் பெருக்க வேண்டும். ஓர் அறையின் நான்கு சுவர்களின் பரப்பு அதுதான். அப்பா பெயின்டராக இருக்கும் வீட்டில் மகளோ மகனோ அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் புத்தகத்துக்கும் அப்பாவின் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு என்று பல நேரம் யாரும் சொல்வதில்லை.

ஓர் அறையின் கணக்கு

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 12ஐயும் 10ஐயும் கூட்டினால் 22. இரண்டால் பெருக்கினால் 44. உயரம் 10ஆல் பெருக்கினால் 440 சதுர அடி. இது நான்கு சுவர். மேல்தளத்தின் அடிப்பக்கம், அதாவது சீலிங், 12 பெருக்கல் 10, ஆக 120 சதுர அடி. மொத்தம் 560.

இதில் 7க்கு 3 அடி கதவு ஒன்று, 21 சதுர அடி. 4க்கு 4 அடி ஜன்னல் இரண்டு, 32 சதுர அடி. இந்த 53ஐக் கழித்தால் 507 சதுர அடி. நாம் பெயின்ட் அடிக்கப்போகும் சுவரும் சீலிங்கும் இவ்வளவு.

சிறிய துளைகளைக் கழிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கட்டட வேலைகளை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பு இருக்கிறது. அரசு வேலைகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். அரை சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 5 சதுர அடிக்குள் இருக்கும் திறப்புகளைச் சுவர் அளவில் கழிப்பதில்லை. அந்த ஓரங்களைச் சுற்றி கவனமாக அடிக்க ஆகும் நேரம், மிச்சமாகும் பெயின்ட்டை ஈடுகட்டிவிடும் என்பதே அதன் பொருள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். பலர் தரைப் பரப்பை வைத்து விலை கேட்கிறார்கள். “வீடு 800 சதுர அடி, மொத்தமா எவ்வளவு?” என்பார்கள். தரைப் பரப்பைப் போல் மூன்று மடங்கு சுவர் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கும் புழங்குகிறது. நம் அறையில் தரை 120 சதுர அடி. மூன்று மடங்கு என்றால் 360தான் வரும். உண்மையில் இருப்பது 507. ஏறத்தாழ 150 சதுர அடியை இனாமாக அடித்துக் கொடுத்திருப்போம்.

20க்கு 15 அடி ஹாலை அளந்து பாருங்கள். சுவர் 700, சீலிங் 300, மொத்தம் 1,000. தரை 300. மூன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். 10க்கு 10 அறையில் சுவர் 400, சீலிங் 100, மொத்தம் 500. தரை 100. ஐந்து மடங்கு. அறை சிறியதாக ஆக, தரையோடு ஒப்பிட்டால் சுவர் கூடுகிறது. சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த வீட்டைத் தரைக் கணக்கில் ஒத்துக்கொள்பவருக்கு நட்டம் நிச்சயம். மாணவர்கள் இதைத் தங்கள் வீட்டு அறைகளிலேயே அளந்து சரிபார்க்கலாம்.

கதவு, ஜன்னல் தனி

சுவரைப் பேசும்போது கதவையும் அதிலேயே சேர்த்துவிடச் சொல்வது வழக்கம். கதவு வேறு வேலை. அதற்கு இனாமல், பிரைமர், தின்னர் எல்லாம் வேறு. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு முகம். பலகை வைத்த கதவில் மேடும் பள்ளமும் உண்டு. அதற்காகவே மேலே சொன்ன அளவீட்டு விதியில், பலகைக் கதவின் பரப்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.3ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். மழமழப்பான ஃபிளஷ் கதவுக்கு 1.2. ஆக, 21 சதுர அடிக் கதவு, கணக்கில் 21 பெருக்கல் 1.3 பெருக்கல் 2, ஏறத்தாழ 55 சதுர அடி. ஒரு கதவிலேயே 34 சதுர அடி வித்தியாசம். ஐந்தாறு கதவு இருக்கும் வீட்டில் இது ஒருவரின் ஒரு நாள் கூலியைத் தாண்டும். ஆகவே கதவு, ஜன்னல், கம்பி எல்லாவற்றையும் தனி வரியாக எழுத வேண்டும்.

நாள் கணக்கிலிருந்து சதுர அடி விலை

‘சதுர அடிக்கு இன்ன ரேட்’ என்று பக்கத்து ஊரில் கேட்டதை அப்படியே சொல்வது நம் வழக்கம். அந்த ரேட் எந்தச் சுவருக்கு, எத்தனை கோட்டுக்கு என்று தெரியாமல் சொன்னால் அடி வாங்குவது நாம்தான். சொந்தக் கணக்கு நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் 507 சதுர அடி அறை புதுச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோட் பட்டி, உப்புத்தாள் போடுவது, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். நிதானமாகச் செய்தால் ஏறத்தாழ 8 ஆள் நாள். இரண்டு பேர் என்றால் நான்கு நாள். ஒரு நாள் கூலி 900 என்று கணக்குக்காக வைப்போம். அவரவர் ஊர்க் கூலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஆள் கூலி 8 பெருக்கல் 900, ஆக 7,200 ரூபாய். பிரஷ், ரோலர், உப்புத்தாள் தேய்மானம் 300. போக்குவரத்து 300. இதுவரை 7,800. அளந்தவர், மேற்பார்வை பார்த்தவர், திரும்ப வந்து குறையைச் சரி செய்பவர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கும் எதிர்பாராத சேதத்துக்கும் சேர்த்து பத்தில் ஒரு பங்கு, 780. மொத்தம் 8,580. இதை 507ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 17 ரூபாய். பொருள் செலவு இதில் சேரவில்லை. கூலி மட்டும்.

இதே அறையை அளக்காமல், “ரூமுக்கு ஆறாயிரம்” என்று ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? தேய்மானமும் போக்குவரத்தும் 600 போக மிச்சம் 5,400. எட்டு நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 675 ரூபாய். வேலை இரண்டு நாள் இழுத்து 10 ஆள் நாள் ஆனால் 540. கூலிக்குப் போயிருந்தாலே 900 கிடைத்திருக்கும். கான்ட்ராக்ட் எடுத்தோம் என்ற பேருக்குக் கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வருகிறோம். பத்தில் ஒரு பங்கைச் சேர்க்கக் கூச்சப்படுபவர்கள் பீங்கான் சூளையை நினைத்துக்கொள்ளட்டும். உடைவதையும் சேர்த்துத்தான் அங்கே விலை.

பொருள் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமார் 60 முதல் 70 சதுர அடி வரும். நம் அறைக்கு ஏறத்தாழ 8 லிட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்றால் 5 லிட்டர். பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 12 சதுர அடி என்று வைத்தால் 40 கிலோ மூட்டை ஒன்றும் இன்னும் கொஞ்சமும். சுவரின் சொரசொரப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். டப்பாவின் மேல் கம்பெனி அச்சடித்திருக்கும் அளவு நல்ல சுவருக்கானது. நம் சுவருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும்.

பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தந்தால் நமக்கு முதல் தேவையில்லை. தொடக்கத்தில் அதுவே நல்லது. பட்டியலை எழுதிக் கொடுத்து, பில்லை அவர் பெயரிலேயே போடச் சொல்லலாம். டப்பாவுக்குள் வரும் டோக்கன் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்தச் சின்ன அட்டைக்காக, “பெயின்ட்டை வேண்டுமென்றே கூட வாங்க வைத்தான்” என்ற பேச்சு வரக் கூடாது.

கண்ணில் படாத வேலை

விலை சொல்லும் முன் சுவரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய சுண்ணாம்பு பல கோட் ஏறி உரிந்து நிற்கிறதா? சுரண்டவே ஒரு நாள் ஆகலாம். கீழே ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கிறதா? அதன் மேல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் உரியும், பழி நம் மேல் விழும். நீர்க்கசிவைச் சரி செய்வது கொத்தனார் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். புதுப் பூச்சு நன்றாக உலர்ந்திருக்கிறதா? அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கோட் காய்வதற்கே நேரம் கூடும். பொங்கலுக்கு முன் முடிக்கச் சொல்பவரிடம் இதைச் சொல்லி நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பீரோவையும் கட்டிலையும் நகர்த்துவது, தரையில் சாக்கு விரிப்பது, முடிந்த பிறகு சொட்டுகளைத் துடைப்பது எல்லாமே நேரம். நேரம் என்றால் கூலி.

உடம்பும் செலவில் சேரும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய இனாமலில் ஈயம் அதிகம் இருக்கக்கூடும். பழைய ஜன்னலையும் கதவையும் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசு மூச்சில் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். நனைத்துத் தேய்ப்பது, முகக்கவசம் போடுவது, வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காமல் இருப்பது, இவை மூன்றும் கட்டாயம். முகக்கவசத்தின் விலையைத் தேய்மான வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு தாள், எட்டு வரி

வாயால் பேசுவது காற்றில் போகும். ஒரு வெள்ளைத் தாள் போதும். அதில் இவை இருக்க வேண்டும்:

1. வீட்டுக்காரர் பெயர், இடம், தேதி.
2. ஒவ்வோர் அறையின் நீளம், அகலம், உயரம், கழித்தது, நிகர சதுர அடி.
3. என்ன வேலை: சுரண்டல், பட்டி எத்தனை கோட், பிரைமர், பெயின்ட் எத்தனை கோட்.
4. கதவு, ஜன்னல், கம்பி தனியாக.
5. பொருள் யார் வாங்குவது.
6. சதுர அடி விலை, மொத்தம்.
7. பணம் எப்போது: தொடங்கும்போது ஒரு பங்கு, பட்டி முடிந்ததும் ஒரு பங்கு, முடித்ததும் மிச்சம்.
8. சொல்லாத வேலை வந்தால் நாள் கூலிக் கணக்கில் தனி.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடத் தயங்குபவருக்கு அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கினாலும் கையில் ஒரு சான்று இருக்கும். பேரம் வந்தால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கலாம். “இரண்டு கோட் பட்டிக்குப் பதில் ஒரு கோட் போட்டால் இவ்வளவு குறையும்” என்று தாளைக் காட்டிச் சொல்லலாம். அளவு எழுதிய தாள் முன்னால் இருந்தால் பேரம் பேசுபவரும் ஆளைப் பார்த்துப் பேச மாட்டார், அளவைப் பார்த்துப் பேசுவார்.

வீட்டுக்குள் போகும்போது

வெளிச்சுவர் வேலைக்கும் உள் வேலைக்கும் நமக்கு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உள் வேலை என்றால் கூடம், சமையல் அறை, சாமி அறை வரை போக வேண்டும். எந்தத் தெரு என்று கேட்ட பிறகு வெளிச்சுவரை மட்டும் கொடுப்பதும், சாமி அறைக்கு வேறு ஆளைத் தேடுவதும், தேநீருக்குத் தனி டம்ளர் எடுப்பதும் இன்னும் ஒழியவில்லை. தீண்டாமையை அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது. கூலியின்றிக் கட்டாய வேலை வாங்குவதை 23ஆவது பிரிவு தடை செய்கிறது. தலித், பழங்குடி மக்களிடம் அப்படி வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தை உள் வேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது அந்தச் சட்டப்படி குற்றமாக, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது அதில் சேராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. நம் வேலையோ நான்கு சுவருக்குள்தான். தனி ஆளாக உள் வேலைக்குப் போகாமல் இருப்பது ஏணிக்கு மட்டுமல்ல, மரியாதைக்கும் பாதுகாப்பு. அவமதிப்பு நேர்ந்தால் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயரை அன்றே எழுதி வைக்க வேண்டும்.

நமக்குள் ஒரு கணக்கு

நம் ஆள் ஒருவர் டேப் பிடித்து மேஸ்திரி ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் உப்புத்தாள் போட, தரை துடைக்க, தண்ணீர் தூக்க வரும் பெண்களுக்கு எவ்வளவு? பல இடங்களில் சித்தாள் என்ற பெயரில் பாதிக்குச் சற்று மேல். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. நாள் முழுக்க உப்புத்தாள் போடும் பெண்ணின் தோள் வலி, ஆணின் தோள் வலியைவிடக் குறைவானது அல்ல. நம் தாளில் ஆள் நாள் என்று எழுதும்போது அதில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு விலை இருக்கக் கூடாது. ‘பார்த்துக் கொடுக்கிறேன்’ என்ற சொல் அவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஆரோக்கியத்துக்கு நம் தெரு செய்ததை நாம் மறுபடி செய்யக் கூடாது.

அரசிடம் நமக்கு இருப்பவை

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருக்கும் பெயின்டர்களும் அதில் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஏணியிலிருந்து விழுந்த பிறகு அட்டை தேடக் கூடாது. இணையத்தில் பதிவு செய்யலாம். புதுப்பிக்கும் நாளைத் தவற விடாமல் இருப்பது முக்கியம்.

தனியாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, 1974இல் தொடங்கிய தாட்கோ இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம் தரும் திட்டங்கள் 2023 முதல் நடைமுறையில் உள்ளன. தெளிப்பு இயந்திரம், தேய்க்கும் இயந்திரம், இரும்புச் சாரம் வாங்க அங்கே கேட்கலாம். கடனுக்குப் போகும்போது, ‘இதுவரை என்ன வேலை செய்தீர்கள்?’ என்ற கேள்வி வரும். அப்போது பேசுவதைவிட, மேலே சொன்ன எட்டு வரித் தாள்கள் இருபதைக் கோப்பாக எடுத்து வைப்பது நல்லது.

நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் மன்றங்களும் படிப்பகங்களும் இருக்கின்றன. ஏப்ரல் 14க்கு மாலையும் கொடியும் தயாராகின்றன. அதே இடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பெயின்டர்களும் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களும் சேர்ந்து உட்காரலாம். 5 மீட்டர் டேப் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். முதலில் படிப்பகத்தின் அறையையே அளக்கலாம். நான்கு சுவர், சீலிங், கழிப்பு, கதவு எல்லாம் எழுதி, அங்கே அப்போது என்ன கூலியோ அதைப் போட்டு விலை கண்டுபிடிக்கலாம். அந்த விலையைக் கரும்பலகையில் எழுதி வைத்தால், அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட வருகிறவர் ‘எவ்வளவு?’ என்று கேட்கும்போது நம் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.